ஆர்கன் பெஞ்சை விட மாட்டேன்

காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பிடிக்கும் அளவுக்கு என் விரல்கள் மடங்குவதற்குள், வீட்டில் மற்றவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அப்பா காபி குடித்து, வேதம் வாசித்து, ஜெபம் பண்ணி, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பீச் ஸ்டேஷன் ரயிலைப் பிடிக்க ஓடியிருப்பார். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருப்பாள். நான் மட்டும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வெந்நீர்ப் பேசினில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கூரைக்கு மேலே வட்டமடிக்கும் விமானப்படைப் பயிற்சி விமானத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். அது எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது!

எனக்குப் பதினைந்து வயதில் வந்தது. முதலில் வலது மணிக்கட்டு. பிறகு இரண்டு கைகளின் விரல் கணுக்கள். அப்புறம் முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டாகக் குடியேறியது. முடக்குவாதம் என்றார் டாக்டர். "வயசானவங்களுக்கு வர்றதில்லையா டாக்டர் அது?" என்று அம்மா கேட்டாள். "அதுக்கு வயசெல்லாம் கெடையாதும்மா" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வியாதிக்கே வயது வித்தியாசம் கிடையாது என்றால், நான் மட்டும் ஏன் கிழவி மாதிரி மூலையில் உட்கார வேண்டும்?

வைத்தியத்துக்குக் குறைவில்லை. முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்து, ரசத்தில் போட்டு, துவையலாக்கி, நான் ஒரு வேலி அளவுக்குத் தின்றிருப்பேன். ஆஸ்பிரினை விழுங்கி விழுங்கி, காதுக்குள் எப்போதும் ஒரு ரீங்காரம். அது என்ன ஸ்வரம் என்று ஆர்கனில் தேடிப் பார்த்தேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ இருந்தது. வருவதுதான் வருகிறது, சுருதி சேர்ந்தாவது வரக்கூடாதா? பிறகு தங்க ஊசி. நிஜமாகவே தங்கத்தின் உப்பை ஊசியில் ஏற்றிப் போடுவார்கள். அது தெரிந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு மாமி, "உனக்குக் கல்யாணத்துக்கு நகையே போட வேண்டாம்டி, எல்லாம் உள்ளயே போட்டாச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். மாமி வீட்டில் எனக்கு நல்ல ஃபில்டர் காபி கிடைக்கும்.

ஆர்கன் என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் சின்னக் கோயிலில் ஒரு பெடல் ஆர்கன் உண்டு. தையல் மெஷினுக்கு இருப்பது போல் கீழே இரண்டு மிதிகள். மாறி மாறி மிதித்தால்தான் உள்ளே காற்று ஏறும், காற்று இருந்தால்தான் சத்தம் வரும். வாசித்துக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகித் திருச்சிக்குப் போனபோது, பதினாறு வயதில் எனக்கு அந்த பெஞ்ச் கிடைத்தது. வியாதி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு விரல்கள் இவ்வளவு மோசமில்லை. கணுக்கால் மட்டும் ஒவ்வொரு மிதிக்கும் ஊசி குத்தியது போல இருக்கும். குத்தட்டும் என்று மிதித்தேன். வாரம் முழுவதும் எல்லோரும் என்னைத் தூக்கி நிறுத்துவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை பேரையும் எழுந்து நிற்க வைப்பது நான். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு வாசித்தால் போதும், மொத்தச் சபையும் எழுந்து நிற்கும். அந்த இடத்தை யாருக்கு விட்டுக்கொடுக்க மனசு வரும்?

நான்கு வருஷம் வாசித்தேன். கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டே வாசித்தேன். அதற்குள் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் விரிவதை நிறுத்திவிட்டன. வலது கையிலும் அகலமாக எட்ட முடியாது. யாரும் வருவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய், கைகளைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, முழுக்கை ரவிக்கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொள்வேன். எட்டாத ஸ்வரங்களை விட்டுவிட்டு வாசிப்பேன். சபை சத்தமாகப் பாடும்போது யாருக்குத் தெரியப்போகிறது?

எங்கள் குவயர் மாஸ்டருக்கு, பாடகர் குழுவை நடத்துகிறவருக்கு, தெரிந்தது. ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில வாத்தியார், காது ரொம்பக் கூர்மை. எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"ஏம்மா, ஈஸ்டருக்கு மட்டும் நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கோயேன். குரோம்பேட்டைல பேங்க்குக்குப் புதுசா மாத்தலாகி வந்திருக்காரே ஒரு பிரதர், நல்லா வாசிக்கிறார். அது விடியக்காலை ஆராதனை வேற. உனக்குக் காலைலதானே ரொம்ப முடியறதில்ல?"

"ஈஸ்டருக்கு மட்டுமா சார்?"

"மொதல்ல ஈஸ்டருக்கு" என்றார். அந்த 'மொதல்ல' போதுமாக இருந்தது. ஒருமுறை எழுந்தால் திரும்ப உட்கார முடியாத பெஞ்ச் அது.

"எனக்கு ரெஸ்ட் வேண்டாம் சார். ரெஸ்ட் எடுத்தா வலி போயிடும்னா சொல்லுங்க, நாளைக்கே படுத்துக்கறேன். படுத்தாலும் வலிக்குது, வாசிச்சாலும் வலிக்குது. வாசிச்சுட்டுப் போறேனே."

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை எடுத்துக் கழுவினாள். ஆனால் அவள் மனதில் ஏதோ ஓடியிருக்கிறது. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால், பரீட்சை பாஸோ, சுகப்பிரசவமோ, வேண்டாத ஊருக்கு வந்த டிரான்ஸ்பர் ரத்தானதோ, ஒரு கவரில் காணிக்கை போட்டு, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்போம். ஆராதனை நடுவில் ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சிலர், கேட்டதைக் கடவுள் கொடுத்தே விட்டார் என்று நம்பி, நடப்பதற்கு முன்பே நன்றி செலுத்துவார்கள். அப்படிச் செய்பவர்கள் 'விசுவாசத்துடன்' என்று ஒரு வார்த்தையைக் கவரில் சேர்த்துவிடுவார்கள், சபைக்குக் குழப்பம் வராது. அம்மா அந்த வார்த்தையைச் சேர்க்கவில்லை. சேர்த்தால், இன்னும் நடக்கவில்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்று பயந்துவிட்டாள்.

ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அப்பா அம்மா பெயரைச் சொல்லி வாசித்தார்: அவர்களுடைய மகள் கைகால் வலி நீங்கிப் பூரண சுகம் பெற்றதற்காக ஸ்தோத்திர காணிக்கை.

நான் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முட்டி வீங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையின் குளிர்ச்சியில் வைத்துக்கொண்டிருந்தேன். சபை முழுவதும் 'ஆமென்' என்றது. முன்வரிசையில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டுக்கு நான் கார்டு பிடிக்க வேண்டும். பிடித்தேன். அன்று வாசித்ததில் பாதி தப்பு.

ஆராதனை முடிந்ததும் வாசலில் வரிசை கட்டி நின்று கை குலுக்கினார்கள். யோசித்துப் பாருங்கள், விரல் கணு ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை மாதிரி வீங்கியிருக்கும்போது, வலி போனதற்கு வாழ்த்துச் சொல்லி மொத்தச் சபையும் அதே கையைப் பிடித்துக் குலுக்குகிறது! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் சிரித்தேன். பிறகு எங்கள் குவயரில் பேஸ் பாடுகிற, அதாவது நான்கு குரல்களில் ஆகக் கீழே இருக்கும் ஆண் குரலில் பாடுகிற ரயில்வே கார்டு வந்தார். எலெக்டிரிக் ரயிலில் கடைசிப் பெட்டியில் கொடி காட்டிக்கொண்டு போவாரே, அந்த கார்டு. கை ஒவ்வொன்றும் முறம் போல இருக்கும். "கர்த்தர் நல்லவர்மா!" என்று சந்தோஷத்தில் அமுக்கினார் பாருங்கள்.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்தன.

எல்லோரும் திரும்பினார்கள். மனிதர் கையை உதறி விட்டுவிட்டு, தானே அடிபட்டவர் போல நின்றார். பாவம், அவர் முகத்தைப் பார்த்து நான் சமாளித்திருக்கலாம். ஆனால் எனக்குப் பொறுத்துப் போய்ப் போய் அலுத்திருந்தது.

"வலி போகல" என்றேன் சத்தமாக. "இருக்கு. நேத்திக்கும் இருந்தது, நாளைக்கும் இருக்கும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். சைக்கிள் ரிக்‌ஷாவை ரயில்வே கேட்டில் நிறுத்திவிட்டு, ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் மூஞ்ச இப்டி வச்சிகினு கீறீங்க? கோயில்ல பிரசாதம் குடுக்கலியா?" எப்போதும் சிரித்துவிடும் அம்மா அன்று சிரிக்கவில்லை.

வீட்டில் கதவைச் சாத்தியதும் சண்டை.

"விசுவாசத்துலதானே எழுதினேன்? எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே."

"நீ எழுதினது விசுவாசம்னா, நான் வலிக்குதுன்னு சொன்னா அவிசுவாசமா? என் கைம்மா இது. கவர் மேல எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"வாத்தியார் உன்னை பெஞ்சை விட்டு எழுப்பிடுவார்னு பயந்துட்டேன்டி. சுகமாயிடுச்சுன்னு சொல்லிட்டா விட்ருவாங்கன்னு..." சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்குக் கோபம் பாதியில் நின்றது. அவளும் அந்த பெஞ்சுக்காகத்தான் போராடியிருக்கிறாள், தனக்குத் தெரிந்த வழியில்.

அந்த வாரம் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தவர்களுக்குக் கணக்கில்லை. என்னிடம் மறைந்திருக்கும் பாவம் எது என்று ஒருவர் சாடையாகக் கேட்டார். இன்னொருவர், இந்தப் பாடுகளை நான் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டதற்காக நன்றி சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். நான் நடுவில் கண்ணைத் திறந்தேன். "ஆன்ட்டி, நான் ஏத்துக்கவே இல்ல. தப்பா ஜெபம் பண்ணாதீங்க" என்றேன். கூட வந்திருந்த ஐயர் இருமிக்கொண்டே சிரிப்பை விழுங்கியதைப் பார்த்தேன். அவரை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்கும்.

ஆனால் காரியம் கெட்டுவிட்டது. நான் போட்ட கூச்சல் மாஸ்டருக்குச் சாட்சியாகிவிட்டது. சனிக்கிழமைப் பிராக்டிசில், "நீயே வாயால சொல்லிட்டேம்மா. ஈஸ்டருக்கு பிரதர் வாசிக்கட்டும்" என்றார். பேங்க் பிரதர் மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள ஆள். என் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்து, பத்து விரலாலும் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். சண்டை போடக்கூட வழியில்லாமல் அவ்வளவு நன்றாக.

கல்லூரிக்கு நான் எழும்பூர் வரை ரயிலில் போய்வருவேன். உட்கார இடம் கிடைக்காத நாட்களில் கம்பியைப் பிடிக்க முடியாது, முழங்கையை மாட்டிக்கொண்டு நிற்பேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வண்டி ஆடிக்கொண்டு போகும்போது தலைக்குள் எப்போதும் ஏதாவது பாட்டு ஓடும். அந்த வாரம் ஓடியதெல்லாம் ஒரே கேள்வி. என் கைக்கு ஏற்ற பாட்டு என்று ஒன்று கிடையாதா?

எங்கள் கோயிலில் இரண்டு வகைப் பாட்டு. ஒன்று ஞானப்பாட்டு. வெளிநாட்டு மெட்டு, நான்கு குரல்கள், ஆர்கனில் இரண்டு கையும் நிறைய வாசிக்க வேண்டும். இன்னொன்று கீர்த்தனை. நம் ராகம், நம் தாளம், எல்லோரும் ஒரே குரலாகப் பாடுவார்கள், ஜால்ரா தட்டுவார்கள். ஆர்கன் பின்னாலேயே ஓடும். இரண்டையும் யாரும் கலந்ததில்லை. கலக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. பல்லாவரம் தாண்டும்போது எனக்குப் பட்டது: என் இடது கையால் எட்டாத ஸ்வரங்களை ஆண்கள் பாடினால் என்ன? கையில் இல்லாததைத் தொண்டையில் வைத்தால் என்ன? எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது.

மோகன ராகத்தை எடுத்தேன். அதில் ஐந்தே ஸ்வரம், என்னிடம் வேலை செய்கிற விரல்களுக்கு அது கட்டுப்படியாகும். வார்த்தைகளும் என்னுடையவை. ஈஸ்டர் காலையில் கல்லறைக்குப் போகிற பெண்கள், வாசலை அடைத்திருக்கும் கல்லை யார் புரட்டித் தருவார் என்று பேசிக்கொண்டே நடக்கிறார்களே, அதைப் பற்றி. அவர்களிடம் பதில் கிடையாது. ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, அந்த வருஷம்தான் அந்த இடம் என் கண்ணில் பட்டது.

பாட்டு தயார். பாட ஆள் வேண்டும். நேரே தாம்பரம் பிளாட்பாரத்துக்குப் போனேன். ரயில்வே கார்டு அடுத்த வண்டிக்காகக் கொடிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கை இப்போ எப்படிம்மா இருக்கு? அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல."

"அங்கிள், பிராயச்சித்தம் பண்றீங்களா?"

"சொல்லு, தங்க ஊசி வாங்கித் தரவா?"

"பாட்டு கத்துக்குங்க."

பாடிக் காட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். இரண்டாம் அடியில் என் கூடவே சேர்ந்து மேலே ஏறினார்.

"நீங்க ஏறக்கூடாது. கீழயே நில்லுங்க. அந்த ஒரு ஸ்வரத்துலயே."

"மத்தவங்க எல்லாம் ஜாலியா மேல போவாங்க, நான் மட்டும் எதுக்கும்மா கீழ காவல் காக்கணும்?"

"அங்க நிக்க என் இடது கை வரணும். அது வராது. நீங்கதான் என் இடது கை."

அவர் என் கையை ஒருமுறை பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கீழ் ஸ்வரத்தைப் பிடித்தார். பிளாட்பார பெஞ்சே அதிர்ந்த மாதிரி இருந்தது. வண்டி வந்து நின்றது, ஜனங்கள் ஏறினார்கள். அவர் கடைசிப் பெட்டியில் ஏறிப் பச்சைக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஸ்வரத்தை விடாமல் நின்றார். "சார், வண்டிய எட்ப்பீங்களா, இல்ல கச்சேரி முட்ச்சிட்டுதானா?" என்று பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு குரல். விசில் ஊதினார். அதுவும் அதே சுருதியில் இருந்ததாக இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். அடுத்து வந்த நாட்களில், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில், அவரும் அவர் பிடித்து வந்த இன்னும் சில பேஸ் குரல்களும் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அதை மாஸ்டர் முன்னால் வைத்தேன். கேட்டவுடன் அவருக்கு நெற்றி சுருங்கியது.

"கீர்த்தனையைக் கூறு போட்டுப் பாடறதா? கமிட்டியில என்ன சொல்வாங்க?"

"கமிட்டியில நான் இருக்கேன் சார். நான் நல்லா இருக்குன்னு சொல்வேன்" என்றார் கார்டு.

"சரி, பிரதர் வாசிக்கட்டும். கேட்டுப் பார்ப்போம்."

பேங்க் பிரதர் வாசித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆரம்பித்தார். ஆனால் வெற்றிடம் வருகிற இடத்திலெல்லாம் அவர் இடது கை போய் எதையாவது நிரப்பிவிடும். பேஸ் குரல்கள் அதற்கடியில் மூழ்கிவிட்டன. மோகனம் கல்யாண வீட்டு பேண்டு மாதிரி கேட்டது.

"அந்த இடத்துல ஒண்ணும் வாசிக்காதீங்க பிரதர்."

"தெரியுது சிஸ்டர். கை தானா போகுது."

"என் கை தானா போகாது" என்றேன். "கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா?"

எழுந்தார். நான் உட்கார்ந்தேன். என் விரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போக நேரம் எடுக்கும். அந்த நேரத்தை நான் பாட்டிலேயே கட்டி வைத்திருந்தேன். நான் எடுக்கிற இடைவெளியில் கீழேயிருந்து கார்டின் குரல் எழுந்து வந்து நின்றது. அதற்குள் மெட்டைப் பிடித்துக்கொண்ட பெண்கள் மேலே மெதுவாகச் சேர்ந்தார்கள். ஜால்ரா தட்டுகிறவர் தட்ட மறந்துவிட்டார். பாட்டு முடிந்தது. பேங்க் பிரதர்தான் முதலில், "இது சிஸ்டர் வாசிக்க வேண்டிய பாட்டு சார்" என்றார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசிப்பே சரி. விடியக்காலைல உன் கை மடங்கணுமே. அன்னிக்குப் பார்த்து வரலன்னா? சபை முன்னாடி நான் என்ன பண்ணுவேன்?"

நியாயமான கேள்வி. "நடந்து போறேன் சார். கல்லை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஒரு கண்டிஷன். பிரதர் உன் பக்கத்துல உட்காருவார்."

"உட்காரட்டும். ஆனா கைய மடியில வச்சுக்கணும்."

ஈஸ்டர் அன்று எனக்கு முன்னால் அம்மா எழுந்திருந்தாள். ஸ்டவ் எரிகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், கோயிலிலிருந்து வாங்கி வந்த மெழுகுவத்தித் துண்டுகளைப் பாத்திரத்தில் போட்டு உருக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மெழுகு ஒத்தடம் கொடுப்பார்கள், சூடு உள்ளே இறங்கி மூட்டு கொஞ்சம் இளகும். வலி என்ற ஒன்று வீட்டில் இல்லவே இல்லை என்று கவரில் எழுதிய அம்மா, மெழுகின் மேல் ஆடை கட்டும்வரை காத்திருந்து, என் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே முக்கி எடுத்தாள். "சுடுதா?" "சுடுது." "வலிக்குதா?" "வலிக்குது." "எங்க அதிகம்?" அதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. இடது மணிக்கட்டைக் காட்டினேன். இன்னொருமுறை முக்கினாள்.

கோயிலில் எல்லோர் கையிலும் மெழுகுவத்தி. வெளியே இன்னும் இருட்டு. பேங்க் பிரதர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை ஒழுங்காக மடியில் வைத்துக்கொண்டார். ஆரம்பப் பாட்டுகளை எப்படியோ கடந்தேன். விரல்கள் மரக்கட்டை போல இறங்கின, ஆனால் இறங்கின. என் பாட்டு வந்தது. பேஸ் குரல்கள் தொடங்கின, நான் சேர்ந்தேன். முதல் சரணம் போனது. இரண்டாவதில் என் வலது கணுக்கால் நின்றுவிட்டது. மூளை மிதி என்கிறது, கால் கேட்கவில்லை. காற்று குறையக் குறைய ஆர்கன் சத்தம் முனகலாகத் தேய்ந்தது. கார்டு மட்டும் தன் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மாஸ்டரின் கை காற்றில் நின்றது.

அப்போது சத்தம் மறுபடி எழுந்தது. குனிந்து பார்த்தேன். வலது மிதியில் ஒரு பளபளக்கும் கறுப்பு ஷூ.

"கையத்தானே சிஸ்டர் மடியில வைக்கச் சொன்னீங்க?" என்றார் பேங்க் பிரதர், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த சிரிப்பில் ஒரு ஸ்வரம் தப்பாக விழுந்தது. விழட்டும். இடது மிதி என்னுடையது, வலது மிதி அவருடையது, கீழ் ஸ்வரம் ரயில்வே கார்டுடையது. பாட்டு என்னுடையது. மூன்றாம் சரணம் முடிந்து பல்லவி திரும்பியபோது சபையே சேர்ந்துகொண்டது. கற்றுக்கொடுக்காமலே யார் யாரோ தாங்களாக ஒரு குரலைத் தேர்ந்தெடுத்துப் பாடினார்கள். வலி இருந்தது. தோள்வரை ஏறியிருந்தது. அதை இல்லையென்று சொல்ல எனக்கு ஒரு அவசியமும் இருக்கவில்லை.

வெளியே வெளிச்சம் வந்தபோது வாசலில் மறுபடியும் கூட்டம். இந்தமுறை நான் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டேன், யாரும் பிடிக்க முடியாது. அன்று முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாள் வேகமாக வந்தார். "பாத்தீங்களா, அன்னிக்கு இல்லன்னா, இன்னிக்குச் சுகம் கெடச்சிருச்சு! இல்லன்னா இப்படி வாசிக்க முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"சுகம் கெடைக்கல. வலியோடதான் வாசிச்சா. என் பொண்ணு அப்படியும் வாசிப்பா."

சபை முன்னால் போட்ட ஸ்தோத்திரத்தைச் சபை முன்னாலேயே அவள் திருத்தினாள். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, தப்பை அழித்து எழுதத் தயங்கவில்லை.

மாஸ்டர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "அடுத்த ஞாயிறு யார் வாசிக்கிறது?"

"நான்தான் சார்."

"முடியலன்னா?"

"முடியலன்னா அன்னிக்குச் சொல்றேன். இன்னிக்கே எதுக்குச் சொல்லணும்?"

அடுத்த ஞாயிறு முடியவில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை, பேங்க் பிரதர் வாசித்தார். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, மீதி இடத்தைக் காலியாக விட்டுத்தான் வாசித்தாராம், கார்டு வந்து சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு ரிக்‌ஷாவில் ஏறிப் போனேன். அவர் எழுந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன், ரவிக்கைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டேன், கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன். சபை எழுந்து நின்றது.